காலனிக்கு எதற்குக் கலைக்கூடம்?

வீடு வேண்டும், தண்ணீர் வேண்டும், வண்டி நிறுத்த இடம் வேண்டும். பாட்டும் கூத்தும் அவரவர் பாடு. தில்லியின் அரசுக் குடியிருப்புகளைப் பற்றிப் பேச்செடுத்தால் படித்தவர்களிடமிருந்தே இந்த வாதம் வருகிறது. கலைக்கூடம் என்பது கோடை விடுமுறையில் பிள்ளைகளை மேய்க்கவும், ஓய்வுபெற்றவர்கள் மாலைப் பொழுதைத் தள்ளவும் உதவுகிற அலங்காரம். பணமும் இடமும் மிஞ்சினால் கட்டலாம், கட்டாவிட்டால் குடிமுழுகிப் போகாது என்பது அதன் சாரம். கற்க ஆசைப்படுகிறவருக்கு யூடியூப் இருக்கிறது, காசுள்ளவருக்குத் தனி வகுப்பு இருக்கிறது, ரசிகருக்கு அரங்குகள் நிறைந்த மண்டி ஹவுஸ் இருக்கிறது என்று துணை வாதங்களும் பின்னாலேயே வந்து நிற்கும்.

இந்த எண்ணம் முழுக்கத் தவறு. சரோஜினி நகரை வைத்தே அதைக் காட்டலாம்; காட்டியாக வேண்டிய நேரமும் இதுதான்.

2016 ஜூலையில் தில்லியின் ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் மூன்றும் என்.பி.சி.சி. என்ற அரசுக் கட்டுமான நிறுவனத்தின் பொறுப்பில் வந்தன. ஏழிலும் சேர்த்து 12,970 வீடுகள் இருந்த இடத்தில் 25,667 வீடுகள். மதிப்பீடு 32,835 கோடி ரூபாய். நௌரோஜி நகரிலும் சரோஜினி நகரின் ஒரு பகுதியிலும் வணிகக் கட்டடங்கள் எழுப்பி விற்றுச் செலவை ஈடுகட்டுவது என்று ஏற்பாடு. 2018 ஜூனில் மரங்கள் வெட்டுப்படத் தொடங்கியபோது மக்கள் மரங்களைக் கட்டிப்பிடித்து நின்றார்கள்; தில்லி உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடை விதித்தது. போற்ற வேண்டிய போராட்டம் அது. வீடு எத்தனை, மரம் எத்தனை, கார் நிறுத்தம் எத்தனை என்று எல்லாவற்றையும் ஊரே எண்ணிப் பார்த்தது. மிருதங்கத்தையோ தூரிகையையோ எடுத்துக்கொண்டு நடந்துபோகும் தொலைவில் ஓர் அறை இருக்குமா என்ற கேள்வி மட்டும் அந்த அளவு உரக்க எழவில்லை. அது 'சமூக வசதிகள்' என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கிப்போனது.

அடங்கிப்போக வேண்டிய கேள்வியே இல்லை அது. விநய் நகர் என்ற பெயரில் தொடங்கிய இந்தப் பகுதி, பிறகு ஒரு கவிஞரின் பெயரைப் பெற்றது. பழைய பெயர் இன்றும் இங்கிருக்கும் விநய் நகர் வங்காளிப் பள்ளியில் தங்கியிருக்கிறது. நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்த குமாஸ்தாக்கள், ஸ்டெனோக்கள், பிரிவு அதிகாரிகள் இங்கே மாடியும் கீழுமான குவார்ட்டர்ஸ்களில் குடியேறினார்கள். வங்காளிகள் பள்ளி கட்டினார்கள். தமிழர்கள் விநாயகர் கோயில் எழுப்பினார்கள். பக்கத்து லட்சுமிபாய் நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று இருக்கிறது. அந்தக் கழகத்தின் வேர் 1923 வரை போகிறது. வந்த இடத்தில் சோற்றுக்கு வழி பிறந்ததும் இவர்கள் முதலில் தேடியது கூடுவதற்கு ஓர் இடத்தை.

அரசும் அதை அறிந்திருந்தது. 1954-ல் உள்துறை அமைச்சகத்தின் ஆதரவில் கிருஹ கல்யாண் கேந்திரா என்ற அமைப்பு தொடங்கியது. அரசுக் குடியிருப்புகளில் குழந்தைக் காப்பகம், தையல் வகுப்பு, 'சமாஜ் சதன்' என்ற சமூகக் கூடம் ஆகியவற்றை நடத்துவது அதன் வேலை. இன்று அது பணியாளர், பயிற்சித் துறையின் கீழ் இருக்கிறது. முதல் ஐந்தாண்டுத் திட்டம் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. தானியத்துக்கே வெளிநாட்டைப் பார்த்திருந்த நாடு, 1953-க்கும் 1954-க்கும் இடையில் சங்கீத நாடக அகாதமி, சாகித்ய அகாதமி, லலித் கலா அகாதமி மூன்றையும் தொடங்கியது. ஊழியர் குடும்பத்துக்குச் சம்பளமும் கூரையும் மட்டும் போதாது என்று சமாஜ் சதனையும் நினைத்தது. வசதியில்லாத நாளில் அவசியமாகத் தெரிந்தது, முப்பத்திரண்டாயிரம் கோடி செலவிடும் நாளில் ஆடம்பரமாகத் தெரிவது எந்த வகை நியாயம்?

கலை வெறும் பொழுதுபோக்கு என்கிறவர்களுக்குத் தில்லித் தமிழ் மேடையின் வரலாறு நேரடியான பதில் வைத்திருக்கிறது. நாடு விடுதலை பெற்ற செய்தியை 1947 ஆகஸ்ட் 15 அன்று வானொலியில் தமிழில் வாசித்த பூர்ணம் விஸ்வநாதன், தில்லி வானொலியின் ஊழியர். பகலில் செய்தி, மாலையில் ஒத்திகை என்று வாழ்ந்தவர். பின்னாளில் சென்னை மேடையிலும் திரையிலும் தமிழர்கள் கேட்டு மகிழ்ந்த அந்த நிதானமான பேச்சு, தில்லியில் அலுவலகம் விட்ட நேரங்களில் பழகிப் பழகி வந்தது. தட்சிண பாரத நாடக சபா என்ற குழு இங்கே பல ஆண்டுகள் இயங்கியது. பாரதி மணி அதன் தூண்களில் ஒருவர். தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்த இந்திரா பார்த்தசாரதியின் 'மழை' இந்த வட்டாரத்திலிருந்து பிறந்த நாடகம். 'போர்வை போர்த்திய உடல்கள்', 'நந்தன் கதை', 'ஔரங்கசீப்' என்று அவர் தொடர்ந்து எழுதினார். 2004-ல் சங்கீத நாடக அகாதமி விருது அவரைத் தேடி வந்தது. 1965-ல் கஸ்தூரிரங்கன் 'கணையாழி'யைத் தொடங்கியதும் இதே தில்லியில்தான்.

இவர்களில் ஒருவரும் முழுநேரக் கலைஞராகத் தில்லிக்கு ரயிலேறியவர் அல்லர். வானொலியில், கல்லூரியில், பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள். அவர்களைச் சுற்றி வேலை முடிந்து வந்து வசனம் மனப்பாடம் செய்தவர்கள், மேடை விளக்கு பிடித்தவர்கள், டிக்கெட் விற்றவர்கள் என்று பெயர் பதியாத ஒரு கூட்டம் இருந்தது. சென்னை சபாக்களுக்கு ஓயாமல் சிரிக்க வைத்தாக வேண்டிய நெருக்கடி இருந்த காலத்தில், தந்தை இறந்த வீட்டின் இறுக்கத்தைப் பேசும் 'மழை' போன்ற நாடகத்தைத் தில்லியில் முயன்று பார்க்க முடிந்தது. வசூலை நம்பாத குழு, தெரிந்த முகங்களான பார்வையாளர்கள்: அந்தத் துணிச்சலுக்கு இவையே காரணம் என்று கொள்ள எல்லா இடமும் இருக்கிறது. தமிழின் நவீன நாடகம் தன் முதல் அடிகளில் சிலவற்றை வைத்தது அமெச்சூர்களின் மேடையில். அமெச்சூர் என்ற சொல்லை ஏளனமாக உச்சரிப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

'அப்படியென்றால் கலைக்கூடம் இல்லாமலேதானே அவர்கள் சாதித்தார்கள்?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பதில் கட்டட அமைப்பில் இருக்கிறது. பழைய குவார்ட்டர்ஸ்களுக்கு முன்னால் புல்வெளி இருந்தது, வராந்தா இருந்தது, மாடிப்படி ஏறினால் மொட்டைமாடி இருந்தது. நான்கு பேர் கூடிப் பாடினால் ஐந்தாமவர் காதில் விழும். அடுக்குமாடிக் கோபுரத்தில் லிஃப்டும் நடைவழியும் பூட்டிய கதவுகளும் உண்டு. தற்செயலாகக் கூடுவதற்கு ஒரு திண்ணைகூட இல்லை. முன்பு நிலத்தின் தாராளம் இலவசமாகத் தந்ததை இனி வரைபடத்தில் திட்டமிட்டுத்தான் தர முடியும். இன்னொன்றும் உண்டு. இடம் நிச்சயமில்லாத, இரவு நேர ஒத்திகைகளில் யாரால் வர முடியவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். தமிழ் அமெச்சூர் குழுக்கள் எல்லா ஊரிலும் பெண் நடிகர்களுக்குத் தவித்தது ஊரறிந்த செய்தி. வீட்டுக்குப் பக்கத்தில், வெளிச்சத்தில், பலரும் வந்துபோகும் அறை ஒன்று இருந்திருந்தால் அந்தத் தலைமுறைப் பெண்களில் எத்தனை பேர் மேடையேறியிருப்பார்கள்? தில்லித் தமிழ்ச் சங்கம் 1946-ல் பிறந்து, ராமகிருஷ்ணபுரத்தில் தனக்கென்று கட்டடமும் அரங்கமும் எழுப்பிக்கொண்டது வீண் பெருமைக்காக அல்ல. இரவல் இடத்தின் எல்லையை அனுபவித்தவர்கள் கட்டியது அது.

மண்டி ஹவுஸ் வாதத்துக்கு வருவோம். அங்கிருக்கும் திரிவேணி கலா சங்கம் அருமையான இடம்தான். சுந்தரி ஸ்ரீதராணி 1950-ல் தொடங்கியது. ஜோசப் ஆலன் ஸ்டைன் வடிவமைத்த கட்டடம் 1963-ல் திறந்தது. நடனம், இசை, ஓவியம் எல்லாம் ஒரே முற்றத்தைச் சுற்றி நடக்கும். ஆனால் சரோஜினி நகரிலிருந்து மெட்ரோவில் போக, வழியில் வண்டி மாற வேண்டும். எட்டு வயதுச் சிறுமி தனியாகப் போக முடியாது. முட்டி வலிக்காரர் படி ஏறி இறங்க மாட்டார். இரவுச் சமையல் காத்திருக்கும் பெண் இரண்டு மணி நேரத்தைப் பயணத்துக்குத் தர மாட்டார். போகிறவர் யார் என்றால் காரும் ஓட்டுநரும் உள்ளவர், அல்லது கல்லூரி மாணவர். அடுத்த நிறுத்தத்திலேயே தில்லி ஹாட் இருக்கிறதே என்பார்கள். 1994 முதல் கைவினைஞர்கள் அங்கே பொருள் விற்கிறார்கள், அது அவர்களுக்கு நல்ல சந்தை. நுழைவுச் சீட்டு எடுத்து, பார்த்து, வாங்கித் திரும்பும் இடத்தில் யாரும் பானை வனையக் கற்றுக்கொள்வதில்லை.

கலை குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் என்ற நினைப்பு வெறும் பேச்சாக நிற்கவில்லை, நிறுவனங்களாகவே எழுந்து நிற்கிறது. 1956-ல் நேரு தொடங்கிய தேசிய பால் பவனில் 5 வயது முதல் 16 வயது வரை இடம். தமிழ்நாட்டின் ஜவகர் சிறுவர் மன்றங்களும் அதே 5 முதல் 16 வரைதான். குறைந்த கட்டணத்தில் பாட்டும் பரதமும் ஓவியமும் கற்பிக்கும் இவை எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்குக் கிடைத்த ஒரே வகுப்பு, அதில் ஐயமில்லை. பதினேழு வயதில் கதவு மூடிக்கொள்கிறது என்பதுதான் குறை. அதன் பிறகு அறுபதில் மூத்த குடிமக்கள் மையம் திறக்கிறது. செய்தித்தாளும் கேரம் பலகையும் காத்திருக்கின்றன. நடுவில் நாற்பத்து மூன்று ஆண்டுகள். வேலை, கடன், பிள்ளைப்பேறு, பெற்றோர் நோய், இடமாற்றல் எல்லாம் வந்து மோதும் ஆண்டுகள் அவை. மனிதர் மிகவும் தனித்துப்போவது அப்போதுதான். அந்த ஆண்டுகளுக்கு நம் நகரங்கள் வைத்திருப்பது ஜிம்மும் ஷாப்பிங் மாலும்.

வயதுவாரியாகப் பிரிப்பதில் இன்னொரு பெரிய இழப்பு இருக்கிறது. கற்பித்தல் என்பதே அறுந்துபோகிறது. கிழக்கிலங்கையின் மட்டக்களப்பில் கூத்துப் பழகும் முறை இதற்கு நேர் எதிரான உதாரணம். அண்ணாவியார் ஆட்டத்துக்குரியவர்களைத் தேர்ந்து 'சட்டம் கொடுப்பார்'. அவரவர் பங்குக்குரிய பாட்டும் வசனமும் கைக்கு வரும். மாதக் கணக்கில் இரவுகளில் களரியில் பழக்கம் நடக்கும். சதங்கை அணிவிழா வரும், பிறகு அரங்கேற்றம், அதன் பின் வீட்டுக்கு வீடு ஆட்டம். இந்த மாதங்களில் ஊர்ச் சிறுவர்கள் ஓரத்தில் உட்கார்ந்தே தாளக்கட்டு முழுவதையும் உள்வாங்கிவிடுவார்கள். மத்தளக்காரருக்கு அறுபது, கட்டியகாரனுக்கு இருபது, பிற்பாட்டுக்காரருக்கு நாற்பது. யாருக்கும் வயதுச் சான்றிதழ் கேட்டதில்லை. போருக்கு நடுவிலும் அதற்குப் பின்னும் நாடகச் செயற்பாட்டாளர் சி. ஜெயசங்கர் அங்குள்ள சீலாமுனை மக்களோடு சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கம் இந்த அமைப்பை எடுத்துக்கொண்டு மேலும் ஒரு படி போனது. பழைய பிரதிகளில் பெண்களையும் சாதிகளையும் காட்டியிருந்த விதத்தை ஊரே உட்கார்ந்து விவாதித்து மாற்றியது. கூத்தை வெறும் பாரம்பரியச் சின்னமாகப் பேணியிருந்தால் அந்த விவாதத்துக்கே வாய்ப்பு இருந்திராது. பாட்டியும் பேரனும் ஒரே பிரதியைக் கையில் வைத்திருக்கும்போது, அந்தப் பிரதி சரியா என்ற பேச்சு தானாக எழுகிறது.

யாழ்ப்பாணத்தில் 1965-ல் நீ. மரியசேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றமும் போர்க்காலம் முழுவதும் நாடகத்தையும் இசையையும் விடவில்லை. குண்டு விழுந்த ஊரில் கலை ஆடம்பரம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. அமைதியான தலைநகரில் அப்படிச் சொல்லத் துணிகிறார்கள்.

இங்கே கலையின் நண்பர்களுக்கும் ஒரு மறுப்பு சொல்லியாக வேண்டும். கலைக்கூடம் கேட்டுப் போகிறவர்கள், அதிகாரிக்குப் பிடிக்கும் என்று நினைத்து, 'இசை படித்தால் கணக்கில் மதிப்பெண் கூடும்' என்று தொடங்குகிறார்கள். இந்த நம்பிக்கையின் ஊற்று 1993-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு சிறு கட்டுரை. 36 கல்லூரி மாணவர்கள் பத்து நிமிடம் மொஸார்ட்டைக் கேட்ட பிறகு, இடஞ்சார்ந்த சிந்தனைச் சோதனையில் சற்று மேலாகச் செய்தார்கள். அந்த விளைவு பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கவில்லை என்று அதே ஆய்வாளர்கள் எழுதியிருந்தார்கள். ஆனாலும் 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு வழங்கும் அளவுக்கு அது ஊதிப் பெருத்தது. இப்படிப்பட்ட ஆதாரத்தின் மேல் கலைக்கூடத்தைக் கட்டினால், மதிப்பெண் கூடாத முதல் ஆண்டிலேயே கதவைச் சாத்திவிடுவார்கள். பிள்ளை பாடக் கற்றால் பாட்டு வரும். அது போதுமான காரணம்.

உறுதியாகச் சொல்லக்கூடியவை வேறு இருக்கின்றன. 2003-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியான ஆய்வு, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. வாசிப்பு, பலகை விளையாட்டு, இசைக்கருவி வாசித்தல், நடனம் ஆகியவற்றில் அடிக்கடி ஈடுபட்டவர்களுக்கு மறதிநோய் வந்தது குறைவு. உடல்சார்ந்த செயல்களில் நடனத்துக்கு மட்டுமே அந்தத் தொடர்பு தெரிந்தது. 2019 டிசம்பரில் 'பி.எம்.ஜே.' இதழில் டெய்சி ஃபேன்கோர்ட்டும் ஆண்ட்ரூ ஸ்டெப்டோவும் எழுதிய ஆய்வு இங்கிலாந்தில் 50 வயதைக் கடந்த 6,710 பேரைப் பதினான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. சில மாதங்களுக்கு ஒரு முறையாவது நாடகம், கச்சேரி, அருங்காட்சியகம் என்று போய்வந்தவர்களுக்கு, அறவே போகாதவர்களைவிட இறக்கும் வாய்ப்பு 31 விழுக்காடு குறைவு. ஆண்டுக்கு ஓரிரு முறை போனவர்களுக்கு 14 விழுக்காடு குறைவு. வசதி, கல்வி, உடல்நிலை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வேறுபாடு மிஞ்சியது. கலைதான் ஆயுளைக் கூட்டியது என்று இதனால் நிறுவிவிட முடியாது. நலமாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்கள் என்று திருப்பிச் சொல்லவும் ஓரளவு இடமுண்டு. ஆனால் அதே 2019-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, நோய்த் தடுப்பிலும் சிகிச்சையிலும் கலைக்குப் பங்கு உண்டு என்று அறிக்கை வெளியிட்டது. இத்தனைக்குப் பிறகும் கலையை 'டைம்பாஸ்' கணக்கில் எழுதுவது அறிவுக்கு ஒவ்வாது. இது ஒரு சிலரின் பிரச்சினையும் அல்ல: 2011 கணக்கெடுப்பிலேயே 60 வயதைக் கடந்தவர்கள் நாட்டில் பத்துக் கோடிக்கு மேல்.

யூடியூப் இருக்கிறதே? இருக்கிறது, வரவேற்கலாம். பைரவி வர்ணத்தை ஐம்பது வித்வான்கள் பாடி நள்ளிரவிலும் கேட்கலாம் என்பது முந்தைய தலைமுறைக்குக் கிட்டாத செல்வம். ஆனால் சுருதி சேராத தொண்டையை அது கேட்பதில்லை. அரைமண்டியில் முதுகு வளைவதை அது பார்ப்பதில்லை. கூட்டாகப் பாடும்போது அடுத்தவர் மூச்செடுக்கும் இடத்துக்காகத் தன் குரலைத் தாழ்த்தும் பழக்கம் திரையிலிருந்து வராது. குறிப்பாக நாடகம்: எதிரே நிற்கிறவர் வசனத்தை மறந்தால் காட்சியைத் தூக்கி நிறுத்தும் திறமை, அறையில் இன்னொரு மனித உடல் இருந்தால் மட்டுமே பழகக்கூடியது. வீடியோ பார்த்துக் கற்றவர்கள் ஒரு கட்டத்தில் தேடுவது சேர்ந்து வாசிக்க ஆளும் இடமும்தான். கைப்பேசி கலைக்கூடத்தின் தேவையைக் கூட்டியிருக்கிறது என்று சொல்வதே பொருத்தம்.

தனி வகுப்பு வாதம்தான் இருப்பதிலேயே கொடுமையானது. காசு கொடுத்துப் படிக்கட்டும் என்கிறவர் காசில்லாதவரை எண்ணிப் பார்க்கவில்லை. சரோஜினி நகர் அதிகாரிகளின் குடியிருப்பு மட்டும் அல்ல. அவர்கள் வீட்டுக்குப் பாத்திரம் கழுவ, துணி இஸ்திரி போட, காவல் காக்க வருகிறவர்களின் குடிசைகள் அதே வளாகத்தை ஒட்டி இருந்தன. சுமார் 200 குடிசைகளை இடிக்கும் நடவடிக்கையை 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. சந்தையில் நாள் முழுவதும் நின்று சட்டையும் குர்த்தியும் விற்கும் இளைஞர்கள் பலர் தொலைதூர ஊர்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். தமிழர்களுக்கு இந்த வலி அந்நியமானதல்ல. ஜங்புராவின் மதராஸி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடிந்தது. சுமார் 370 வீடுகள். மாற்று வீடு கிடைத்தவர்களுக்கு அது கிடைத்த இடம் நகரின் மறுகோடியில் இருக்கும் நரேலா. தலைமுறைகளாக வீட்டுவேலை செய்து பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பிய மக்களுக்கு, கூரைக்கு அடுத்தபடியாகப் பறிபோனது கூடி வாழ்ந்த ஊர். ஏழைக்குச் சோறு முதலில், கலை பிறகு என்று அவர்கள் சார்பில் பேசுகிறவர்கள் அவர்களைக் கேட்டுவிட்டுப் பேசுவதில்லை. பறையும் கும்மியும் கரகமும் ஒயிலும் யாருடைய உழைப்பிலிருந்து வந்தன? வயிறு நிறைந்தவர்கள் கண்டுபிடித்த கலைகள் அல்ல அவை.

இதெல்லாம் நடைமுறைக்கு வராத ஆசை என்று ஒதுக்கவும் வழியில்லை. போரில் தோற்று நொறுங்கிக் கிடந்த ஜப்பான் 1946-லேயே ஊர்தோறும் 'கோமின்கான்' என்ற பொதுக்கூடங்களை அமைக்கச் சொன்னது. 1949-ல் அதற்குச் சட்டமும் வந்தது. இன்று பதினாயிரத்துக்கும் மேற்பட்ட கூடங்களில் எழுத்தோவியம், கூட்டுப்பாட்டு, மட்பாண்டம், சமையல் எல்லாம் நடக்கின்றன. சிங்கப்பூரில் 1960-ல் அமைந்த மக்கள் கழகம் பேட்டைதோறும் சமூக மன்றம் நடத்துகிறது. அங்கே தமிழர்களின் இந்திய நற்பணிச் செயற்குழுக்கள் பொங்கலையும் தீபாவளியையும் சீன, மலாய் அண்டை வீட்டாரோடு கொண்டாடுவது ஆண்டாண்டாக நடப்பது. இரண்டு நாடுகளும் தமக்குப் பணம் சேரும்வரை காத்திருக்கவில்லை.

நம்மிடமும் விதி இல்லாமல் இல்லை. மத்திய நகர்ப்புற மேம்பாட்டு அமைச்சகம் 2014-ல் வெளியிட்ட திட்டமிடல் வழிகாட்டி, 5,000 பேருக்கு 750 சதுர மீட்டரில் ஒரு சமூக அறையும், 15,000 பேருக்கு 2,000 சதுர மீட்டரில் ஒரு சமூகக் கூடமும் வேண்டும் என்கிறது. சிக்கல் அடுத்த சொல்லில் இருக்கிறது: சமூகக் கூடம், கல்யாண மண்டபம், 'பாராத் கர்' என்ற திருமணக் கூடம், நூலகம் எல்லாம் அங்கே ஒரே வரியில் வருகின்றன. ஒரே வரியில் வைத்தால் எது ஜெயிக்கும் என்பது தில்லிக்காரர் எல்லாருக்கும் தெரியும். முகூர்த்த நாளில் வாடகை வருகிறது. பாட்டு வகுப்பில் வருவதில்லை. ஆகவே வகுப்பு தள்ளிப்போகிறது, பிறகு நின்றுபோகிறது. 'ஆட்கள் வரவில்லை, அதனால் மூடினோம்' என்று ஏட்டில் எழுதுகிறார்கள். வந்தவர்களை மூன்று வாரம் பந்தல்காரர் திருப்பி அனுப்பினார் என்பது ஏட்டில் ஏறாது. சமூகக் கலை மையங்கள் தோற்றுப்போனவை என்ற பொதுக்கருத்துக்கு அடியில் பெரும்பாலும் இப்படியொரு வாடகைக் கணக்கு கிடக்கிறது.

ஆகவே சரோஜினி நகரின் புதிய வளாகத்தில் கேட்க வேண்டியவை மிகத் தெளிவானவை. கல்யாணத்துக்கு விடுகிற கூடம் வேறு, கலைக்கான அறைகள் வேறு என்று வரைபடத்திலேயே பிரிக்க வேண்டும். நடன அறையின் தரை சிமெண்டாக இருக்கக் கூடாது; அதில் ஆடி முட்டி தேய்ந்தவர்களைக் கேட்டால் தெரியும். மேளமும் வீணையும் தினம் சுமந்து போகாமல் வைத்துப் பூட்ட அலமாரி வேண்டும். ஒரே மாலையில் ஒரே வகுப்பில் பேத்தியும் பாட்டியும் சேரலாம் என்று விதியிலேயே எழுத வேண்டும். குடியிருப்பு அட்டை இல்லாதவரும் நுழையலாம் என்பதும் அதே விதியில் வர வேண்டும். வங்காளியும் மலையாளியும் தமிழரும் பஞ்சாபியும் தத்தம் கோயில்களிலும் பள்ளிகளிலும் தனித்தனியே வளர்த்த கலைகள், ஒன்றை ஒன்று கேட்கும் முதல் இடமாக அது அமையும்.

திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் அலுவலக வசதிப்படி முடிவு செய்துவிடக் கூடாது. சரோஜினி நகர்ச் சந்தைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. வாரம் முழுக்க நின்றே வேலை பார்க்கும் கடைப் பையன்களுக்கும் பெண்களுக்கும் கிடைக்கும் ஒரே ஓய்வு நாள் அது. தேசிய அருங்காட்சியகமும் தேசிய நவீனக் கலைக்கூடமும் மூடியிருப்பதும் அதே திங்கட்கிழமையில்தான். கலைக்கூடத்தின் வார விடுமுறை எந்த நாளாகவும் இருக்கட்டும், திங்கட்கிழமையாக இருக்கக் கூடாது.